வீட்டில் போனுக்கு எல்லை போட்டு ஜெயித்தவர் யாராவது உண்டா?

கேள்வி, 7 ஜூன் 2025

ராத்திரி 9 மணிக்கு மேல் வீட்டில் யாரும் போன் தொடக்கூடாது என்று போன மாதம் சட்டம் போட்டேன். நாலாம் நாள் நானே மீறினேன். பையன் எட்டாவது படிக்கிறான். சின்னவளுக்கு இரண்டரை வயது, வீடியோ ஓடினால்தான் சோறு இறங்கும். மராட்டியத்தில் ஓர் ஊரே சங்கு ஊதி போனை வைத்துவிடுகிறதாமே, நிஜமா? கட்டுப்பாடு வைத்து நிலைத்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

பதில், 7 ஜூன், இரவு 10.40

இதையும் போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சங்கு விஷயம் நிஜம், மில்லில் ஊதுகிற சைரன் மாதிரிச் சங்கு. சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம், சுமார் 3,000 பேர். 2022 சுதந்திர தினத்திலிருந்து தினமும் மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன். டிவி, போன் இரண்டும் அணைய வேண்டும். 8.30-க்கு இரண்டாவது சைரன், அப்புறம் உங்கள் இஷ்டம். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் கைக்குப் போன போன், பள்ளி திறந்த பிறகும் திரும்பி வரவில்லை என்பதுதான் ஆரம்பம். ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார்கள். வெறும் சைரன் மட்டும் இல்லை.

இதை என் அம்மாவிடம் சொன்னேன். கோயமுத்தூர் மில்லில் இருபது வருடம் வேலை பார்த்தவர். "சங்கு ஊதினா வெச்சுட்டு வர வேண்டியதுதான கண்ணு, அதுல என்ன அதிசயம்?" என்றார். யோசித்தால் அதுதான் விஷயம். சங்கு ஊதும்போது வீட்டில் யாரும் போலீஸ்காரர் ஆக வேண்டியதில்லை. நீங்கள் 9 மணி என்று வைத்தால் ஒவ்வொரு நாளும் 8.59-க்கு நீங்கள்தான் சங்கு.

8 ஜூன், ஞாயிறு

எங்கள் வீட்டுக் கதை கேட்டீர்கள். ஊர் திருப்பூர். நான் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு ஆர்டர் பேசுகிற வேலை. வீட்டுக்காரர் பத்து பவர் டேபிள் (தையல் மிஷின்) போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறார். பையன் எட்டாவது, பொண்ணு ஒண்ணாவது. என் அம்மா, அதாவது பிள்ளைகளுக்கு அம்மாயி, எங்களுடன்தான்.

போன வருடம் நான் போட்ட முதல் சட்டம் நாளுக்கு ஒரு மணி நேரம், பையனுக்கு மட்டும். ஒரு வாரம் தலையாட்டினான். அப்புறம் ஒரு நாள் என் போனைக் கேட்டு வாங்கி, செட்டிங்ஸுக்குள் போய், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சத்தமாகப் படித்தான்: "அம்மா, நேத்து 5 மணி 52 நிமிஷம். 114 தடவ அன்லாக்." வேலைடா அது என்றேன். "ரீல்ஸ் 1 மணி 20 நிமிஷமும் வேலையா?" வீட்டுக்காரர் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து தன் போனைக் கேட்பான் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது சட்டம் எல்லோருக்கும். ராத்திரி 7 முதல் 8.30. எல்லாப் போனும் ஓர் எவர்சில்வர் போசிக்குள், மேலே மூடி. வைப்ரேஷனில் போட்ட நாலு போன் எவர்சில்வர் போசிக்குள் என்ன சத்தம் போடும் தெரியுமா? மிக்ஸி தோற்றுவிடும். ஒவ்வொரு டர்ருக்கும் நாலு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். போன் கையில் இருந்தபோதுகூட அவ்வளவு கவனம் அதில் இருந்ததில்லை.

அரிசி டப்பாவில் வைத்தும் பார்த்தோம். சார்ஜ் போடும் ஓட்டையில் தவிடு.

12 ஜூன்

இரண்டரை வயதுக் குழந்தையை மறந்துவிட்டேன், மன்னிக்கவும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வதும் கிட்டத்தட்ட இதே. இரண்டு வயதுக்குள் இருந்தாலும் எப்போதாவது சொந்தக்காரர்களோடு வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். துபாயில் அப்பா இருக்கும் வீடுகளை நினைத்துப் போட்டிருப்பார்கள் போல.

ஆனால் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மணிக்கணக்கு பெரிதாகப்படவில்லை. வீடியோ பார்த்துக்கொண்டு சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, நமக்கும் தெரியாது. என் பொண்ணுக்கு நிறுத்தியபோது மூன்று நாள் பாதிச் சோறுதான். அம்மாயி என்னோடு பேசவே இல்லை. நாலாம் நாள் தானே எடுத்துச் சாப்பிட்டாள், கீழே பாதி, வாயில் பாதி. வீட்டைத் துடைக்கத் தெம்பு இருக்கிற வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

21 ஜூன்

போசிச் சட்டம் ஏன் தோற்றது என்று நாலைந்து நாளாக யோசித்தேன். மன உறுதி இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நோட்டை எடுத்து, அந்த ஒன்றரை மணி நேரத்தில் யார் எதற்காகப் போசியைத் திறந்தார்கள் என்று ஒரு வாரம் எழுதினேன். (போசியைத் திறந்தால் எழுத வேண்டும் என்பதாலேயே பாதிப் பேர் திறக்கவில்லை. அதுவும் ஒரு மருந்து.)

எழுதியதைப் பார்த்தால் ரீல்ஸுக்காகத் திறந்தவர் ஒருவரும் இல்லை. மணி பார்க்கத் திறந்தோம். கரண்ட் போனபோது டார்ச்சுக்கு. பையனின் பள்ளி, வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் 7.15-க்குத்தான் போடும், அதற்கு. வீட்டுக்காரர் பீஸ் ரேட் கணக்குப் போட. அம்மா நாளைக்குச் சஷ்டியா என்று பார்க்க. நான் காலை அலாரம் வைக்க. திறந்தது இதற்குத்தான். ஆனால் மூடும்போது இருபது நிமிடம் போயிருக்கும். மணி பார்க்கப் போனவள் மணி என்ன என்பதை மறந்துவிட்டு வெளியே வருவேன்.

ஒரு போன் என்று நினைத்துக்கொண்டு பதினைந்து சாமானைப் பூட்டி வைத்திருக்கிறோம். கடிகாரம், டார்ச், கணக்கு மிஷின், பஞ்சாங்கம், டைரி, தபால்காரர், பர்ஸ், எல்லாம் அதற்குள். அத்தனையையும் உள்ளே வைத்துவிட்டுப் பூட்டினால் எந்த வீடு தாங்கும்?

அதனால் ஒவ்வொரு வேலையாக வெளியே எடுக்க ஆரம்பித்தோம். கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம், படுக்கையறையில் ஓர் அலாரம். ஒரு டார்ச். மளிகைக் கடைக்காரர் தந்து சுருட்டியபடியே கிடந்த தினசரி காலண்டர் ஆணிக்குப் போயிற்று. டேபிளில் கிடந்த பழைய கால்குலேட்டர் வீட்டுக்கு வந்தது. மொத்தச் செலவு 700 ரூபாய்க்குள். இதற்கு முன் பையனின் போனைக் கட்டுப்படுத்தும் ஆப்களைப் பற்றி நான் படித்த நேரத்துக்குக் கூலி போட்டால் இதைவிட அதிகம் வரும்.

வெளியே எடுக்க முடியாதது ஒன்றே ஒன்று: பள்ளிக் குழு. வகுப்பாசிரியரிடம் போய் 6.30-க்குள் போட முடியுமா என்று கேட்டேன். "எனக்கும் வீட்டுல ரெண்டு பசங்க இருக்காங்க, மேடம், அவங்க தூங்கின நேரம் பாத்துத்தான் போடறேன்" என்றார். என்ன சொல்ல? இப்போது பையன் வகுப்பிலேயே டைரியில் எழுதிக்கொண்டு வருகிறான். எழுதாத நாள் எதிர்வீட்டுப் பையனைக் கேட்கிறான். எதிர்வீட்டுப் பையன் எதிலே பார்க்கிறான் என்று நான் கேட்பதில்லை.

29 ஜூன்

அந்த அலாரம் கடிகாரம் போடும் சத்தத்துக்கு வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் பேட்டரியைக் கழற்றி டார்ச்சுக்குள் போட்டுவிட்டார். புதிது வாங்கியாயிற்று.

13 ஜூலை

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். "எல்லோருக்கும் ஒரே சட்டம்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். அது சரியில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பையன் திடீரென்று ரொம்ப நல்லவனாகிவிட்டான். தன் போனைக் கேட்காமலே கொண்டுவந்து வைக்கிறான். எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஒரு நாள் பார்த்தால் மாடிப்படியில் அம்மாயி போனோடு உட்கார்ந்திருக்கிறான். அந்தப் போனுக்குப் பூட்டு 1234. "இது என்னுது இல்லம்மா" என்றான். சட்டப்படி சரிதான்.

சரி, இனி அம்மாயி போனையும் தவறாமல் வாங்கி வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் வாசலில் லைட் போடாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீங்க நாலு பேரும் பேசிக்கறீங்க கண்ணு. டேபிளு, பையரு, பரிச்ச. எனக்கு அதுல என்ன தெரியும்? என்ற போனுல எங்க மில்லுக்காரி நாலு பேரு இருக்கறாங்க. அவிய ஏழு மணிக்குத்தான் பேசுவாங்க."

ஏழு மணிக்கு அவர்களும் மருமகள்களுக்கு ஒதுங்கி ஒரு மூலையில் உட்கார்ந்து பேசுவார்கள் போல. நான் அதைப் "பாட்டி எப்பப் பாரு போன்ல" என்ற கணக்கில் சேர்த்திருந்தேன். நான் பையர் மெயில் பார்ப்பது வேலை, அவர் மில் தோழியோடு பேசுவது பொழுதுபோக்கு என்று யார் முடிவு செய்தது?

இப்போது அவருக்கு விலக்கு. ஆனால் அவர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. பூட்டு எண்ணையும் மாற்றிவிட்டார். என்ன எண் என்று எனக்கே சொல்லவில்லை. (பையன் இரண்டு நாளாக முயற்சி செய்கிறான். அவன் பிறந்த நாள் இல்லை என்று தெரிந்து கொஞ்சம் வருத்தம்.)

27 ஜூலை

போனை சைலண்டில் போட்டு மேஜை மேலேயே கவிழ்த்து வைத்தால் போதாதா என்று கேட்டிருந்தார்கள். இதைப் பற்றி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிரபலம். ஒரு பகுதிப் பேருக்குப் போன் மேஜையில் கவிழ்த்து, இன்னொரு பகுதிக்குப் பையிலோ சட்டைப்பையிலோ, மற்றவர்களுக்கு அடுத்த அறையில். யாருக்கும் மணி அடிக்கவில்லை. அப்படியும் கவனம் வேண்டிய சோதனைகளில் அடுத்த அறைக்காரர்கள் நன்றாகச் செய்தார்கள் என்பது முடிவு. பின்னால் மற்றவர்கள் திரும்பச் செய்தபோது எல்லா இடத்திலும் அதே மாதிரி வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் இதை வேதவாக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அடுத்த அறைதான் வேலை செய்கிறது. எழுந்து போக எல்லோருக்கும் சோம்பல். சோம்பலை வைத்துச் சோம்பலை வெட்டுவது.

போசி ஓய்வு பெற்றுவிட்டது. வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேபிளில் உட்கார்ந்து கட்டிங் வேஸ்ட் துணியில் ஐந்து பாக்கெட் வைத்த பை தைத்தார். முதல் பையை சிங்கிள் ஜெர்சியில், இழுபடும் பனியன் துணியில், தைத்து, போன் கனத்தில் அது இழுத்துக்கொண்டு முழங்கால் வரை தொங்கியது. இத்தனை வருடம் பனியன் தைக்கிறவர்! இரண்டாவது ஃபிளீஸ், உள்பக்கம் ரோமம். வைப்ரேஷன் சத்தம் வெளியே வருவதே இல்லை. பையை மாட்டியிருப்பது பின்கட்டில், வாஷிங் மிஷினுக்கு மேலே.

எனக்கு ரீல்ஸ் 1 மணி 20 நிமிஷம் என்று பையன் படித்தான் அல்லவா. கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வரும் அந்த ஏற்பாட்டை 2006-ல் வடிவமைத்த ஆசா ராஸ்கின் என்பவரே பிற்பாடு வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். வாரப் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் அட்டை விளம்பரம், அப்புறம் எழுந்து அடுப்பைப் பார்க்க வேண்டியதுதான்.

2 செப்டம்பர்

ஐந்து வாரமாக எதுவும் எழுதவில்லை. பை காலியாகத் தொங்குகிறது.

ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்காக்காரன் இந்தியச் சரக்குக்கு 25 சதவீத வரி போட்டான், 27-ல் அது 50 ஆயிற்று. திருப்பூரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. எங்கள் கம்பெனிக்கு முக்கிய பையர் ஜெர்மனி, ஆனால் ஓர் அமெரிக்க ஆர்டரும் இருந்தது. நிறுத்தி வை என்று சொல்லிவிட்டார்கள். நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் நமக்கு ராத்திரி 7.30. எங்கள் வீட்டுச் சங்கு நேரம். குழுவில் முதலாளி, ஃபேக்டரி மேனேஜர், நான், எல்லோரும் ராத்திரி பதினொன்று வரை. வீட்டுக்காரருக்கும் வேலை பாதியாகிவிட்டது, அவரும் யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தச் சமயத்தில் பையனிடம் போனை வை என்று சொல்ல வாய் வரவில்லை. அவனாகவே வைத்தான், அதைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் பக்கத்தில் வந்து, "நம்ம வீட்டுக் கடன் எவ்வளவும்மா?" என்றான். போன் இல்லாத அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சில்தான் இந்த விஷயமெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. போன் இல்லாவிட்டால் குடும்பம் சிரித்துப் பேசும் என்று எழுதுகிறார்களே, எங்கள் வீட்டில் முதலில் வந்தது சண்டை, அடுத்து வந்தது கணக்கு. எவ்வளவு என்று சொன்னேன். சொன்னது சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

21 செப்டம்பர்

போனை வாங்கினால் பையன் கதவை உடைக்கிறான், பள்ளிக்குப் போவதில்லை, ராத்திரி முழுக்க விளையாட்டு என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அங்கே என் ஃபிளீஸ் பை உதவாது. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட்' என்ற கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உடைப்பதற்கு முன்பே தூக்கமும் சாப்பாடும் மாறியிருக்கும். போனைப் பிடுங்குவதற்கு முன் அதை விசாரியுங்கள்.

27 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. சட்டம் திரும்பி வந்திருக்கிறது, நேரம் மட்டும் மாற்றம்: 7.45 முதல் 8.45. ஒன்றரை மணி நேரம் எங்களுக்கு நீளம். சனி, ஞாயிறு கிடையாது. ஜூனில் இருந்த நான் இதைத் தோல்வி என்றிருப்பேன்.

நேற்று ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியாயிற்று. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், இனி மார்ச் கடைசி வரை நாலரை. அவர்கள் மாலை ஐந்துக்கு ஆபீஸ் மூடினால் எனக்கு 9.30. ஒவ்வொரு வருடமும் இந்த ஒரு மணி நேரம் என் சாப்பாட்டுத் தட்டில்தான் வந்து விழும். இந்தத் தடவை தைரியமாக ஒன்று செய்தேன். இந்திய நேரம் 7.45 முதல் 8.45 வரை என்னிடமிருந்து பதில் வராது, அதற்கப்புறம் அன்றைக்கே வரும் என்று பையர் தரப்புக்கு மெயில் போட்டேன். முதலாளிக்கும் ஒரு பிரதி. அனுப்பிவிட்டுக் கை நடுங்கியது.

பதில்: "ஓகே, நோ ப்ராப்ளம்." அவ்வளவுதான். ஐந்து வருடமாக ரசம் ஆற ஆற ஓடி ஓடிப் பதில் போட்டிருக்கிறேன், ஒருவரும் அதைக் கேட்கவே இல்லை போலிருக்கிறது. நிம்மதிப்பட வேண்டும். கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

(சாயப்பட்டறையில் துணியின் ஷேடு மாறிவிட்டது என்று ராத்திரி கூப்பிடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் என் வீட்டுக்காரர் நம்பரில் கூப்பிடுவார்கள், அவர் பின்கட்டுக்கு ஓடுவார்.)

11 டிசம்பர்

நேற்று முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. தடுக்காத நிறுவனத்துக்குத்தான் அபராதம், 49.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை. ஒரு நாடே சங்கு ஊதுகிறது. பையன் செய்தியைப் படித்துவிட்டு, "லாகின் பண்ணாம யூடியூப் பாக்கலாம், வாட்ஸ்அப்பும் லிஸ்ட்ல இல்ல" என்று ஐந்து நிமிடத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டான். அம்மாயி போன் கேஸில் பயிற்சி எடுத்தவன் அல்லவா. ஆனால் அபராதம் கம்பெனிக்கு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தனை நாள் குற்றவாளிக் கூண்டில் நானும் என் பையனும் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தோம்.

கேள்வி கேட்டவர் இரண்டு முறை பையின் அளவு கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். துணி 280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 280 கிராம்) ஃபிளீஸ், ரோமம் உள்பக்கம் வர வேண்டும். பின்பக்கத்துக்கு மட்டும் கேன்வாஸ், இல்லாவிட்டால் தொங்கும். ஒரு பாக்கெட் தைத்து முடித்த அளவில் அகலம் 5 இன்ச், உயரம் 8, மேலே 3 இன்ச் மூடி. வெட்டும்போது சுற்றிலும் அரை இன்ச் கூட விடுங்கள். மேலே குழாய் மாதிரி மடித்துத் தைத்தால் ஸ்கிரீன் கம்பி நுழைக்கலாம். வெல்க்ரோ வேண்டாம். ராத்திரி ஒரு மணிக்கு யாராவது திறந்தால் சத்தம் கேட்குமே என்று நான் வெல்க்ரோதான் கேட்டேன். இவர் பட்டன் வைத்துவிட்டார். ஏன் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.